திறக்காத கத்தரிக்காய்

பாக்கியசீலன் கத்தரிக்காயின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அது ஒரு முறை துள்ளிற்று. துள்ளிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மறுபடி தட்டினார். மறுபடி ஒரு துள்ளல், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு கிளம்புகிற சொந்தக்காரர்கள்கூட வாசலில் நின்று எதையாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இதுவோ காரணம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறது.

கத்தரிக்காய் என்பது அவருடைய கம்ப்யூட்டர் திரையின் அடியில் இருந்த ஒரு சின்னப் படம். அதைத் தட்டினால் ‘சுரக்கட்டு’ என்ற புரோகிராம் திறக்க வேண்டும். எழுதியவன் அவர் மனைவி ஜெபராணியின் தம்பி ஜெய்சன். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது எழுதினான். அடையாளத்துக்குக் கோயில் மணி ஒன்றை வரைந்து, அழகாக இருக்கட்டும் என்று ஊதா நிறம் அடித்து, மேலே கொக்கிக்குப் பச்சை வைத்தான். அன்றிலிருந்து கிருபைபுரத்துப் பாடகர் குழுவில் ஒருவரும் அதை மணி என்று சொன்னது கிடையாது.

பாக்கியசீலன் பாளையங்கோட்டையில் பௌதிக வாத்தியார். குடியிருப்பது சொந்த ஊரான கிருபைபுரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள தேவாலயத்தில் பாடகர் குழுத் தலைவர். அந்தக் குழு நான்கு குரலில் பாடும்: பெண்களுக்கு சொப்ரானோ, ஆல்ட்டோ; ஆண்களுக்கு டெனர், அடிக்குரலாகிய பாஸ். நான்கு குரலுக்கும் சுரங்களை எழுதித் தாளாகக் கொடுத்தால்தான் பாட முடியும். அந்தப் பக்கத்துக் கோயில்களில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. டோ, ரே, மீ என்கிற சுரப் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாக எழுதுவார்கள். தாளத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இரண்டு புள்ளி. ஒரு சுரத்தை இழுத்துப் பாட வேண்டுமென்றால் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான், ஆனால் ஒரு நிபந்தனை: நான்கு வரியிலும் ஒரே சமயத்தில் பாட வேண்டிய எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக நிற்க வேண்டும். பாட்டின் வார்த்தைகளும் அதற்கு நேர் கீழே வர வேண்டும்.

சாதாரணமாக டைப் அடிக்கிற புரோகிராமில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ‘சௌ’ போடுகிற இடத்தில் மூன்று ‘ர’ போடலாம். முதல் வரியில் ஒரு வார்த்தையை மாற்றினால் கீழே இருப்பதெல்லாம் நகர்ந்து, டெனர் பாட வேண்டியதை பாஸ் பாடத் தொடங்கிவிடும். கத்தரிக்காய் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் அளந்து, நான்கு வரியையும் இழுத்துப் பிடித்து நிறுத்தும். அதனால் பாக்கியசீலன் காகிதத்தையே விட்டுவிட்டார். மனதில் தோன்றியதை நேராகக் கத்தரிக்காயில் எழுதுவார்.

இப்போது அதில் ஒரு புதுப் பாட்டு மாட்டிக்கொண்டிருந்தது. கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகையின் ஞாயிறு ஆராதனைக்கென்று அவரே ராகம் போட்டு, நான்கு குரலுக்கும் பிரித்து எழுதிய பாட்டு. ஆல்ட்டோ வரியை மட்டும் ஜெபராணி மூன்று தடவை மாற்ற வைத்திருந்தாள். தாளில் ஒரு வரி கிடையாது.

பாக்கியசீலன் குழு கொஞ்ச வருடங்களாக ஒரே பண்டிகைப் பாட்டைத்தான் பாடிவந்தது. ஊரில் குழந்தைகள் அதை ஊஞ்சலாடிக்கொண்டே நான்கு குரலில் பாடும் அளவுக்குப் பழசு. வாலிபர் சங்கத்து எபி டிரம்ஸ், கிதார் எல்லாம் வைத்து ஒரு குழு சேர்த்து, இந்த வருடம் நாங்கள் பாடுகிறோம் என்று கேட்டிருந்தான். குருவானவரை அந்த ஊரில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஐயர் சமரசமாக ஒரு தீர்ப்புச் சொன்னார்: “சனிக்கிழமை ஒத்திகையில புதுப் பாட்டுத் தாள் எல்லார் கையிலயும் இருந்தா பாக்கியசீலன் குழு பாடட்டும். இல்லன்னா அந்த நேரத்த எபிக்குக் கொடுத்துருவோம்.”

அன்று புதன்கிழமை. பண்டிகைக்காக பாக்கியசீலன் அந்த வாரம் லீவு போட்டிருந்தார். அடுத்த தெருவில் எபி டிரம்ஸை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் பாக்கியசீலனின் மேஜை மேல் இருந்த சுருதிக் கவை, சுருதி பிடிக்கத் தட்டுகிற இரு கிளைக் கம்பி, மெல்ல நடுங்கிற்று.

“என்ன செய்யுதிய?” என்று ஜெபராணி எட்டிப் பார்த்தாள்.

“திறக்க மாட்டேங்கு.”

“காலைல இருந்து தட்டுதியளே, தட்டித் தட்டி அது கூட்டா வெந்துரும். நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? என்னத்தப் போட்டு அமுக்குனிய?”

ஒன்றையும் அமுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்கு முந்தின நாள் நினைவு வந்தது. கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. நீளமாக ஒரு அறிவிப்பு வந்தது. அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான். பாக்கியசீலன் நாற்பது வருடமாகக் கோயிலில் வளர்ந்தவர். நீளமாக ஒன்று வாசிக்கப்பட்டு முடிவில் ஒரு வார்த்தை கேட்கப்பட்டால் அவர் உடம்பு தானாக ஆமென் சொல்லிவிடும். அந்த வேகத்தில்தான் பொத்தானை அமுக்கியிருந்தார்.

“உன் தம்பிக்குப் போன் போடு,” என்றார்.

ஜெய்சன் தச்சநல்லூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். இப்போதெல்லாம் கண்காணிப்புக் கேமரா மாட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்தான். தட்டிவிட்டுக் கம்ப்யூட்டரின் உள்ளே எங்கெங்கோ போய் வாசித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

“சிரிக்காதலே மாப்ள. ஞாயித்துக்கிழமை எபி டிரம்ஸ் அடிக்கப் போறான்.”

“அத்தான், இதுல ஜாவா போயிட்டு.”

“எங்கன போயிட்டு?”

ஜெய்சன் விளக்கினான். கத்தரிக்காயை அவன் ஜாவா என்கிற மொழியில் எழுதியிருந்தான். அந்த மொழியில் எழுதியதைக் கம்ப்யூட்டர் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. நடுவில் ஒரு ஆள் இருக்க வேண்டும். எழுதியிருப்பதை வாசித்து, அந்தந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுக்கிற ஆள். அந்த ஆளுக்கும் ஜாவா என்றுதான் பெயர். இதில் உள்ள வசதி என்னவென்றால், ஒரு தடவை எழுதினால் போதும். அந்த ஆள் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

பாக்கியசீலனுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. “இரு இரு. நம்ம சுரத் தாளும் அப்படித்தானலே! தாள்ல டோன்னு எழுதியிருக்கும். அது எந்த உயரத்துல நிக்கிற டோன்னு எழுதியிருக்காது. நான் முன்னால நின்னு சுருதி கொடுக்கணும். கொடுத்தா அதே தாள வச்சு எந்தச் சுருதிலயும் பாடலாம். சுருதி கொடுக்க ஆளில்லன்னா என்ன ஆகும்?”

“எல்லாரும் ஒருக்க வாயத் திறந்துட்டு மூடிக்கிடுவாவ.”

“அதான் ஒரு துள்ளு துள்ளிட்டு உக்காந்துருக்கு!” பிரச்சினை தீராவிட்டாலும் அது ஏன் வந்தது என்று தெரிந்ததில் அவருக்குப் பாதிப் பசி ஆறிவிட்டது. “சரி, சுருதி கொடுத்துக்கிட்டிருந்தவன் எங்க?”

“இந்தக் கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனி முன்னால அந்த ஆளத் தானே செஞ்சு, பெட்டிக்குள்ள வச்சே கொடுத்தான். பொறவு, இனிமே நாங்க செய்ய மாட்டோம், வேணுங்கிறவங்க வெளிய இருந்து கொண்டாந்து வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டான். சொல்லி எவ்வளவோ நாளாச்சு. உங்க கம்ப்யூட்டர் பழசுங்கதால உள்ள இருந்தவன் அப்படியே கிடந்தான். நேத்து நீங்க சம்மதம்னு அமுக்குனியல்லா, அப்ப தூக்கிட்டான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?”

“சொல்லித்தான் கேட்டிருக்கான். நீங்கதான் வாசிக்கல.”

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஜெபராணி, “அப்போ நம்ம அசனக் கமிட்டி மாதிரின்னு சொல்லு,” என்றாள்.

அசனம் என்பது பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ரசமும். வீட்டில் இருக்கும் முடியாதவர்களுக்கு வாளியில் வாங்கிப் போவதும் உண்டு. இத்தனை காலமும் கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகை அடுக்களையில் ஊர்க்காரர்களே சமைத்தார்கள். கொட்டகைக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், இந்த வருடம் முதல் கோயிலில் சமையல் கிடையாது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. மகாராஜன் என்கிற சமையல்காரர் வெளியிலிருந்து வந்து பள்ளிக்கூட மைதானத்தில் சமைப்பார். கோயிலில் தொடர்ந்து மூன்று வாரம் அறிவிப்பும் கொடுத்தாயிற்று.

“அதேதான் அக்கா,” என்றான் ஜெய்சன். “வெளி ஆளக் கொண்டாந்து வச்சா முடிஞ்சுது. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து ஜாவாவ இலவசமாவே செஞ்சு வச்சிருக்காவ.”

அவன் சொன்னபடியே புது ஜாவாவை இறக்கி வைத்தான். இருக்கிறதா என்று கம்ப்யூட்டரிடம் கேட்டான். இருக்கிறது என்று அது பதில் சொன்னது. ஜாவாவில் எழுதிய வேறொரு சின்னக் கடிகாரப் புரோகிராமைக் கொண்டுவந்து தட்டினான். அது உடனே திறந்து மணி காட்டிற்று. பாக்கியசீலன் கைதட்டினார். பிறகு கத்தரிக்காயைத் தட்டினான்.

ஒரு துள்ளல். பழையபடி மௌனம்.

இதுதான் இருவரையும் வியாழக்கிழமை முழுக்க உட்கார வைத்தது. சுருதி கொடுக்க ஆள் வந்தாயிற்று. மற்றவர்கள் பாடுகிறார்கள். இது மட்டும் பாட மாட்டேன் என்கிறது. ஜெய்சன் புது ஜாவாவை நீக்கிவிட்டு மறுபடி வைத்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். கடைசியில், கத்தரிக்காய் போகிற போக்கில் என்ன முனகுகிறது என்பதைப் பதிவு செய்கிற ஒரு மூலையைக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தான். அங்கே ஒரே வாக்கியம்தான் இருந்தது: ‘ஜாவா இல்லை.’

“இருக்குல்லா! பக்கத்துலயே இருக்குல்லா!” என்றார் பாக்கியசீலன், கம்ப்யூட்டரைப் பார்த்து. “மாப்ள, நீ எழுதுனதுதான? உள்ள போய்த் திருத்திற வேண்டியதுதான?”

ஜெய்சன் தலையைச் சொறிந்தான். “நம்ம கையில இருக்கது வெந்த சோறு அத்தான். அத மறுபடி அரிசியாக்க முடியாது. நான் எழுதுன மூலத்த ஒரு பென்டிரைவ்ல போட்டு அக்கா வீட்டுப் பழைய பீரோல வச்சிருந்தேன். அன்னைக்கு ஆத்து வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துச்சுல்லா, அதோட போயிட்டு. இப்போ புன்னக்காயல் தாண்டிக் கடல்ல மீன் வாசிச்சுட்டுக் கிடக்கும்.”

அடுத்த தெருவில் டிரம்ஸ் சத்தம் முன்பைவிட நம்பிக்கையாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அசனம். கறிக்குழம்பு மணம் வாய்க்கால் வரைக்கும் வந்திருந்தது. ஜெபராணி தெற்குத் தெருவில் படுத்திருக்கும் அத்தைக்குச் சோறு வாங்க வாளியோடு கிளம்பினாள். பாக்கியசீலன் கூடப் போனார். கோயில் வளாகத்தைக் கடக்கும்போது பின்பக்கம் ஒரு கூட்டம் தெரிந்தது.

பூட்டிக்கிடந்த பழைய அடுக்களையின் கதவு முன்னால் சத்தியநேசன் நின்றிருந்தார். பாடகர் குழுவின் ஒரே பாஸ் குரல். அவர் தொண்டையைச் செருமினாலே முன் பெஞ்சில் பிள்ளைகள் நேராக உட்காரும். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வாளி. அவருக்குப் பின்னால் வாளிகளோடும் தூக்குச் சட்டிகளோடும் ஒரு வரிசை. அந்த வரிசைக்கு வேறு காரணம் ஒன்றுமில்லை, சத்தியநேசன் நிற்கிறார் என்பதுதான் காரணம்.

“அண்ணாச்சி, இங்கன என்ன செய்யுதிய?” என்றார் பாக்கியசீலன்.

“சோறு வாங்க நிக்கேன்வே. பின்ன வாளியத் தூக்கிட்டுத் தேர் பாக்கவா வந்தேன்?”

“சோறு பள்ளிக்கூட மைதானத்துல.”

“யாரு சொன்னா?”

“மூணு வாரமா கோயில்ல அறிவிச்சாவளே!”

“அறிவிப்பு வாசிக்கையில நான் கண்ண மூடி ஜெபத்துல இருப்பேன்.”

“கொறட்டையோட ஜெபம்,” என்றாள் ஜெபராணி. “கறி வாசம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு மூக்கு சொல்லலியா அண்ணாச்சி?”

“வாசம் எங்கன இருந்தும் வரும் தாயி. சோறு இங்கனதான் தருவாவ. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இந்தக் கதவுலதான் வாங்குதேன். கதவப் பூட்டியிருக்கு, சோறு இல்லன்னு போயிரலாம்னு பாத்தேன்.” திரும்பி வரிசையைப் பார்த்து, “இந்த வருசம் சோறு இல்லயாம்வே!” என்று அந்தப் பாஸ் குரலில் அறிவித்தார். வரிசை முழுக்க முணுமுணுத்தது.

“சோறு இருக்கு அண்ணாச்சி! அண்டா அண்டாவா இருக்கு!”

“இருக்குன்னா கதவுல எழுதிப் போட வேண்டாமா? நான் எத்தன வருசம் தபால் கொடுத்தவன். வீடு மாறிப் போறவன் பழைய வீட்டுக் கதவுல புது விலாசத்த எழுதிப் போட்டுட்டுப் போணும். வாரவன் பழைய வீட்டுக்குத்தான வருவான்? கமிட்டிக்கு இது தெரியாதா?”

ஜெபராணி வாளியைக் கீழே வைத்தாள். வெளியே பழைய அடுப்பு மேட்டில் கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்துக் கதவில் ‘சோறு’ என்று எழுதி, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நீளமாக ஒரு அம்புக்குறி போட்டாள். சத்தியநேசன் மூக்குக் கண்ணாடியை மாட்டி, அதை இரண்டு தடவை வாசித்தார்.

“இப்போ கதவு சொல்லுது, சரி,” என்று நடந்தார். வரிசை மொத்தமும் அவர் பின்னால் நடந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களும் முதலில் கதவுக்கே வந்து, அம்பைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

பாக்கியசீலன் மட்டும் நகரவில்லை. சோறு இருக்கிறது. வாங்க வந்தவர் இல்லை என்கிறார். இரண்டும் உண்மை. வந்தவர் நிற்கிற இடம்தான் பழைய இடம். அவரைத் திருத்த முடியாது. திருத்த வேண்டிய தேவையும் இருக்கவில்லை, கதவில் ஒரு அம்பு போதுமாக இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்.

ஜெய்சன் பந்தியின் நடுவில் இருந்தான். எபி ரச வாளியோடு வந்துகொண்டிருந்தான்.

“மாப்ள! உன் கத்தரிக்காய் ஜாவாவ எங்கன போய்த் தேடுது?”

“என்ன அத்தான் இது, சாப்பிடையில…”

“கம்ப்யூட்டர்கிட்ட, ஜாவா எங்கருக்குன்னு கேட்டுட்டுப் போகுதா, இல்ல நேரா ஒரு இடத்துக்குப் போய் நிக்குதா?”

ஜெய்சனின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. “ஐயோ அத்தான்! கேட்டுட்டுப் போற மாதிரிதான் எழுதணும். எனக்கு அப்போ அது தெரியாது. கம்பெனி ஜாவா வச்சிருந்த இடத்தோட முழு விலாசத்தையும் உள்ளயே எழுதி வச்சுட்டேன்.”

“அப்போ உன் கத்தரிக்காய் வாளியத் தூக்கிட்டுப் பூட்டுன கதவு முன்னால நிக்குலே! எந்திரி!”

“ரசம் இன்னும் வரலத்தான்.”

“ஏலே எபி, இவனுக்குக் கையில ஊத்து, குடிச்சுட்டு வரட்டும்!”

மறுநாள் ஒத்திகைக்கு எல்லார் கையிலும் தாள் இருந்தது. நான்கு வரியும் நேராக நின்றன. எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசாக இருக்கலாம் என்று சத்தியநேசன் குறைசொன்னார். பாக்கியசீலன் சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்து, டோ கொடுத்தார். முதல் அடியிலேயே பாஸ் குரல் சன்னல் கம்பிகளைத் தொட்டது. ஐயர் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்.

பாட்டு முடிந்ததும் எபி உள்ளே வந்தான். அவன் முகத்தில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

“சார், உங்க கத்தரிக்காய் செத்துப் போச்சுன்னுல்லா சொன்னாவ. எப்படித் திறந்திய?”

பாக்கியசீலனுக்கு இப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார்.

“கத்தரிக்காயில நாங்க கை வைக்கவே இல்ல. கம்பெனி பழைய ஜாவாவ எடுத்துட்டான். வெளிய இருந்து புதுசக் கொண்டாந்து வச்சோம். ஆனா அது உக்காந்த இடம் வேற. கத்தரிக்காய் பழைய இடத்துலயே போய்த் தேடிட்டு, இல்லன்னு திரும்பிருச்சு. அதனால பழைய ஜாவா இருந்த அதே இடத்துல, அதே பேர்ல, ஒரு சுட்டி மட்டும் வச்சோம். அதுக்குள்ள ஜாவா கிடையாது. புது ஜாவா எங்க இருக்குன்னு கைகாட்டும், அவ்வளவுதான். கத்தரிக்காய் வழக்கம்போலப் பழைய இடத்துக்குப் போச்சு, சுட்டியப் பாத்துப் புது இடத்துக்குப் போச்சு, திறந்துட்டு.”